கடைக்காரர் சொல்லும் ‘யூவிபி’, ‘பாஸ்கிங்’, ‘ஷெட்’: ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஓர் அளவு இருக்கிறது

“யூவிபி லைட் போடுங்க, பாஸ்கிங் வேணும், தண்ணிய அடிக்கடி மாத்துங்க.” ஆமையோ பல்லியோ வாங்குபவருக்குக் கடையில் கிடைக்கும் பாடம் பெரும்பாலும் இவ்வளவுதான். சொன்னதையெல்லாம் வாங்கி மாட்டியும் விடுகிறார்கள். சில மாதங்களில் ஆமையின் ஓடு விரலுக்கு மெத்தென்று அமுங்குகிறது, பல்லியின் தாடை ரப்பர்போல வளைகிறது. சொன்ன பொருளெல்லாம் வீட்டில் இருக்கும். எவ்வளவு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

‘குளிர் ரத்தப் பிராணி’ என்ற சொல்லிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. அதன் ரத்தம் குளிர்ந்திருப்பதில்லை. உடலுக்கு வேண்டிய சூட்டை அது வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது, போதுமென்றால் நகர்ந்துவிடுகிறது. அப்படி நகர இடம் இருப்பதைத்தான் ‘கிரேடியன்ட்’ என்கிறோம். தொட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பியர்டட் டிராகன் என்ற பல்லிக்கு ‘பாஸ்கிங்’ இடம், அதாவது சூடு காய விளக்கின் கீழே உள்ள கல்லின் மேற்பரப்பு, 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், மறுமுனை 24 முதல் 28. பால் பைத்தான் என்ற பாம்புக்குச் சூடான பக்கம் 31 முதல் 33, மறுபக்கம் 25 முதல் 27. இதைக் கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பி முடிவு செய்யாதீர்கள். அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். அகச்சிவப்பு வெப்பமானியை விலங்கு படுக்கும் இடத்தை நோக்கிப் பிடித்து அளவெடுங்கள்.

நம் ஊரில் சூடு குறைவதைவிடக் குளிர்ந்த முனை காணாமல் போவதுதான் பெரிய ஆபத்து. மே மாதம் அறையே 36 டிகிரியில் இருக்கும்போது சிறிய கண்ணாடித் தொட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத விளக்கும் எரிந்தால் விலங்குக்குத் தப்பிக்க இடமில்லை. டிராகன் விளக்கின் கீழ் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தால் பயமில்லை. குளிர்ந்த முனைக்குப் போயும் வாயை மூடவில்லை என்றால் உடனே விளக்கை அணையுங்கள். ‘ஹீட் ராக்’ என்ற சூடாகும் கல்லை வாங்கவே வேண்டாம். அடியிலிருந்து வரும் சூட்டை ஊர்வன சரியாக உணர்ந்து விலகுவதில்லை. வயிறு வெந்த பிறகும் அதன்மேலேயே கிடக்கும்.

யூவிபி என்பது வெளிச்சமும் அல்ல, சூடும் அல்ல. அது ஒரு வகைப் புற ஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடல் வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இல்லாவிட்டால் எத்தனை கால்சியம் கொடுத்தாலும் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சாது. ஜன்னல் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. “நல்லா வெயில் வர்ற ஜன்னலோரம்தான் வெச்சிருக்கோம்” என்பது ஆமைக்கு இருட்டறையில் இருப்பதற்குச் சமம். விளக்கிலும் சிக்கல் உண்டு: பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தாலும் யூவிபி மெல்லக் குறைந்துகொண்டே போகும். அதனால் மாட்டிய தேதியை விளக்கிலேயே எழுதி வைத்து, தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பொதுவாக ஓராண்டுக்குள், மாற்றிவிட வேண்டும். இடையில் கம்பிவலை மூடி இருந்தால் அதுவும் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

விளக்கு வாங்க வசதி இல்லையென்றால் மொட்டை மாடி இருக்கிறது. காலை வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். ஆனால் கண்ணாடித் தொட்டியோடு வைக்காதீர்கள், சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும். அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் பாதியைப் பலகையால் மூடி நிழல் கொடுங்கள். மேலே வலை போடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். குட்டி ஆமையைக் காக்கை கொத்திக்கொண்டு போக ஒரு நிமிடம் போதும்.

எம்பிடி என்ற எலும்பு நோய், யூவிபியோ கால்சியமோ குறைவதால் வருகிறது. வெட்டுக்கிளி, புழு போன்ற பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அதற்காகத்தான் ‘டஸ்டிங்’, அதாவது பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுப்பது. ‘கட் லோடிங்’ என்பது வேறு: பூச்சிக்கே ஒன்றிரண்டு நாள் கீரையும் சத்துணவும் தின்னக் கொடுத்துவிட்டு அதை இரையாக்குவது. இரண்டும் வேண்டும். சிவப்புக் காது ஆமைக்குப் பறவைக் கடையில் கிடைக்கும் கடல்நுரையை, அதாவது கணவாய் ஓட்டை, ஒரு துண்டு உடைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது கடித்துக்கொள்ளும். அதே ஆமைக்குக் காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவுதான் காரணம். மனிதருக்கான கண் சொட்டு மருந்தை ஊற்றிப் பார்ப்பதில் பயனில்லை, நாள்தான் வீணாகும். வைட்டமின் ஊசியை நீங்களாகப் போடவும் கூடாது. அளவு மீறினால் தோல் உரிந்து கழன்றுவிடும்.

‘ஷெட்’ என்றால் சட்டை உரிப்பது. காற்றில் ஈரம் போதாவிட்டால் துண்டுதுண்டாக ஒட்டிக்கொள்ளும். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியின் விரலைச் சுற்றி நூல்போல மிஞ்சும் தோல் ரத்த ஓட்டத்தை இறுக்கி விரலையே விழவைக்கும். வெதுவெதுப்பான நீரில் கால் நனையும் ஆழத்துக்கு 15 நிமிடம் நிற்கவைத்து, ஈரப் பஞ்சால் மெல்ல உருட்டி எடுங்கள். பாம்பின் கண்மேல் ஒட்டிய தோலை மட்டும் வீட்டில் தொடாதீர்கள்.

தவளை, ஆக்சலாட்டில் போன்ற இருவாழ்விகளின் தோல் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரின் குளோரின் நேரடியாகச் சுடும். குளோரின் நீக்கி கலந்த பிறகே ஊற்ற வேண்டும். ஆக்சலாட்டிலுக்குத் தண்ணீர் 16 முதல் 18 டிகிரி வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இல்லாமல் இது நடக்காது. ஐஸ் கட்டி போட்டுச் சமாளிப்பவர்கள் சூட்டை ஏற்றி இறக்கி அதை நோயாளி ஆக்குகிறார்கள். சில்லர் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

டாரண்டுலா சிலந்தி மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதென்று எடுத்து எறிந்துவிடுகிறார்கள். அதுதான் ‘மோல்ட்’, மேலோடு கழற்றும் நேரம். தொடக்கூடாது, தண்ணீர் தெளிக்கக்கூடாது, உள்ளே உயிருள்ள பூச்சி இருக்கக்கூடாது. ஓடு இன்னும் மெத்தென்று இருக்கும் சிலந்தியைப் பூச்சியே கடித்துக் கொன்றுவிடும். கோரைப்பற்கள் மறுபடி கறுக்கும்வரை இரை வேண்டாம். நிமிர்ந்த நிலையிலேயே கால்கள் உள்நோக்கிச் சுருண்டால்தான் கவலைப்பட வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கொசுவத்திச் சுருளிலும் கொசு விரட்டும் திரவத்திலும் இருப்பது பைரெத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி. சிலந்தி, தேள், மரவட்டை இருக்கும் அறையில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

விளம்பரத்தில் ‘சிபி’ என்றால் வளர்ப்பில் பிறந்தது, ‘டபிள்யூசி’ என்றால் காட்டில் பிடித்தது. நட்சத்திர ஆமை, உடும்பு, நம் ஊர்ப் பாம்புகளுக்கு இந்தப் பேச்சே கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். பால் பைத்தான், இகுவானா போன்ற, சைட்டிஸ் என்ற சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும்; அதற்கான விதிகள் 2024-இல் வந்துவிட்டன.

கடைசியாக ‘ரிலீஸ்’. ரூபாய் நாணயம்போல வாங்கிய சிவப்புக் காது ஆமை 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தொட்டி போதாதபோது கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் என்ற பட்டியலில் உள்ள விலங்கு அது. வெயில் காயும் கல்லையும் இரையையும் நம் ஆமைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். வளர்க்க முடியாவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரையோ வனத்துறை அலுவலகத்தையோ கேளுங்கள். குளத்தில் விடாதீர்கள்.