குறைமாசக் குழந்தைக்கு ஆர்எஸ்வி ஊசி: இங்கிலாந்துல யாருக்கு, எப்படிக் கிடைக்கும்

இங்கிலாந்துல கர்ப்பமா இருக்கறவங்களுக்கு 28 வாரம் ஆனதும் ஆர்எஸ்வி (மூச்சுக்குழாயத் தாக்கற ஒரு வைரஸ்) தடுப்பூசி போட்டுக்கலாம்னு மிட்வைஃப் (பிரசவம் பாக்கற நர்ஸ்) சொல்லுவாங்க, 2024 செப்டம்பர்ல இருந்து நடக்குது, அது அம்மாவுக்குப் போடறது. நான் இங்க சொல்ல வர்றது வேற ஊசி, நிர்செவிமாப்னு பேரு, குழந்தை தொடையிலயே நேரா போடறது. என்ஹெச்எஸ்ல (இங்க அரசாங்க மருத்துவ சேவை) இலவசம். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டு "நான்தான் ஏற்கனவே போட்டுக்கிட்டேனே"ன்னு விட்டுடறவங்களப் பாத்திருக்கேன், அதனாலதான் எழுதறேன்.

ஆர்எஸ்வி நமக்கு வந்தா வெறும் ஜலதோஷம். ரெண்டு வயசுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் ஒரு தடவ வந்துட்டுதான் போகும். ஆனா மாசம் முழுசா ஆகாம பொறந்த குழந்தையோட மூச்சுக்குழாய் ரொம்பச் சின்னது, அது வீங்கி சளியும் அடைச்சா பால் உறிஞ்சக்கூட மூச்சு பத்தாது. பிரிட்டன்ல வருஷத்துக்கு சுமார் 30,000 குழந்தைங்க, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளதுங்க, இதனால ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுது.

முன்னாடி பேலிவிசுமாப்னு ஒரு மருந்து, குளிர்காலம் பூரா மாசத்துக்கு ஒரு ஊசி, அஞ்சு தடவ வரைக்கும் போகணும், விலையும் பயங்கரம், அதனால ரொம்ப வடிகட்டித்தான் கொடுத்தாங்க. 2025 செப்டம்பர் கடைசில இருந்து அதுக்குப் பதிலா நிர்செவிமாப், ஒரு சீசனுக்கு, அதாவது ஒரு குளிர்காலத்துக்கு, ஒரே ஊசி. பழசு 55 சதவீதம் பாதுகாப்புன்னா இது 80க்கு மேலன்னு என்ஹெச்எஸ் சொல்லுது. இது தடுப்பூசி கிடையாது, ரெடியா செஞ்ச ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்கற புரதம்), உடம்பு பழகி எதிர்ப்புசக்தி உண்டாக்கற வரைக்கும் காத்திருக்க வேணாம், போட்டதும் வேலை செய்யும், சுமார் ஆறு மாசம் தாங்கும். முதல் சீசன்ல குழந்தை 5 கிலோவுக்குக் கீழ இருந்தா 50 மில்லிகிராம், மேல இருந்தா 100.

யாருக்குன்னா முக்கியமா 32 வாரத்துக்கு முன்னாடி பொறந்த குழந்தைங்க. அப்பறம் நாள்பட்ட நுரையீரல் பிரச்சனை, பெரிய இதயக் கோளாறு, கடுமையான எதிர்ப்புசக்திக் குறைபாடு உள்ளதுங்க. சீசன் ஆரம்பிக்கும்போது குழந்தைக்கு என்ன வயசுங்கறதையும் பாப்பாங்க. இதுல அம்மா ஊசி போட்டிருந்தாலும் குழந்தைக்கு உண்டு. ஏன்னா 28 வாரத்துல அம்மாவுக்கு ஊசி, 29ல பிரசவம்னு வைங்க, ஆன்டிபாடி உண்டாகி தொப்புள்கொடி வழியா குழந்தைக்குப் போக ரெண்டு வாரமாவது வேணும், அதுக்கு நேரமே இல்லையே.

அப்ளிகேஷன் ஃபார்ம் எதுவும் இல்ல. ஆஸ்பத்திரி டீம்தான் லிஸ்ட் எடுத்துக் கூப்பிடுவாங்க, ஜிபி (குடும்ப டாக்டர்) கிட்ட கேட்டா பெரும்பாலும் அங்கதான் திருப்பி அனுப்புவாங்க. குளிர்காலத்துல பொறந்து நியோநேட்டல் (பச்சிளம் குழந்தை) வார்டுல இருந்தா டிஸ்சார்ஜ் சமயத்துல போட்டுடுவாங்க. கோடைல பொறந்து வீட்டுக்கு வந்துட்ட குழந்தைங்கதான் நழுவிடும். என் ஃப்ரெண்டு பையன் 30 வாரத்துல ஜூன்ல பொறந்தான், நடுவுல அவங்க வீடு மாறிட்டாங்க, ஊசிக்கான லெட்டர் பழைய அட்ரஸுக்குப் போயி அங்க வாசல்லயே கெடந்திருக்கு, நவம்பர்ல ஏதேச்சையா அவ போன் பண்ணிக் கேட்டதாலதான் தெரிஞ்சுது. அதனால செப்டம்பர் வந்ததும் டிஸ்சார்ஜ் லெட்டர்ல இருக்கற நம்பருக்குப் போன் போட்டு "நிர்செவிமாப் லிஸ்ட்ல எங்க குழந்தை பேர் இருக்கா"ன்னு நேரா கேளுங்க, மருந்து பேரச் சொல்லியே கேளுங்க. போட்டதும் ரெட் புக்ல (குழந்தையோட ஆரோக்கியப் பதிவுப் புத்தகம்) எழுதி வாங்கிக்குங்க. எட்டு வாரத்துல போடற வழக்கமான தடுப்பூசியோட சேத்துப் போட்டாலும் தப்பில்ல.

விசால இருக்கறவங்களுக்கு ஒண்ணு. ஹெல்த் சர்சார்ஜ் (விசாவோட கட்டற மருத்துவக் கட்டணம்) அப்பா அம்மா கட்டியிருந்தா இங்க பொறந்த குழந்தைக்கு முதல் மூணு மாசம் ஆஸ்பத்திரி வைத்தியம் இலவசம், ஆனா அதுக்குள்ள குழந்தைக்கும் விசா அப்ளை பண்ணிடணும், இல்லன்னா பில் வரலாம். இன்குபேட்டர் பக்கத்துலயே உக்காந்திருக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் வரும், ஆனா அந்தத் தேதிய மட்டும் காலண்டர்ல குறிச்சு வைங்க.

ஊசி போட்டுட்டா ஆர்எஸ்வியே வராதுன்னு இல்ல, வந்தா முத்தாம இருக்கத்தான். வழக்கமா குடிக்கறதுல பாதிப் பால்கூடக் குடிக்கலன்னாலோ, 12 மணி நேரமா நாப்பி ஈரமாகலன்னாலோ ஜிபிக்கோ 111க்கோ (என்ஹெச்எஸ் ஆலோசனை நம்பர்) போன் பண்ணுங்க. மூச்சு விடறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுந்தா, முனகினா, உதடு நீலமானா தைலம் தேச்சுப் பாக்கலாம்னு உக்காந்திருக்காம உடனே 999 (ஆம்புலன்ஸ்) கூப்பிடுங்க.