அந்தக் கயாக் உங்கள் உடம்புக்குக் கட்டியதில்லை

இந்த வசந்தத்தில் இது மூன்றாவது விபத்து. மே மாதம், ஒண்டாரியோ ஏரி, கரையிலிருந்து 200 மீட்டர்கூட இருக்காது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தானே கட்டிய கிரீன்லாந்து கயாக்கில் (மேலே மூடிய, ஒல்லியான துடுப்புப் படகு) ஏறிப்போன ஒரு தம்பி கவிழ்ந்துவிட்டார். உடம்பில் ஜீன்ஸும் பருத்தி ஹூடியும். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் மோட்டார் படகில் வந்து தூக்கியதால் ஆள் பிழைத்தார். மறுவாரம் படகை என் பட்டறைக்குக் கொண்டுவந்து, "அண்ணா, மியூசியத்தில் இருக்கிற படகின் பிளானை வைத்து மில்லிமீட்டர் பிசகாமல்தான் கட்டினேன், அப்புறம் ஏன் கவிழ்ந்தது?" என்று கேட்டார்.

படகைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வேலை சுத்தம். கட்டுகள் எல்லாம் இறுக்கம், விலாக்கள் ஒரே சீராக வளைந்திருந்தன. அகலம் 48 செ.மீ. ஆனால் உள்ளே கால் நுழையவில்லை என்பதற்காகத் தொடைக்கு மேலே வரும் வளைந்த குறுக்குக்கட்டையை மூன்று விரல் உயர்த்தியிருக்கிறார். கிரீன்லாந்தில் அதற்கு மாசிக் என்று பெயர். போதாததற்கு முதுகு வலிக்கிறது என்று 5 செ.மீ. தடிமனில் ஒரு ஃபோம் இருக்கை. அந்த மியூசியப் படகின் சொந்தக்காரர் ஒரு தோல் துண்டைப் போட்டு, விலாக்கட்டையின் மேலேயே உட்கார்ந்திருப்பார். 48 செ.மீ. அகலப் படகில் உங்கள் எடையை 5 செ.மீ. மேலே தூக்குவது என்பது சின்ன விஷயம் இல்லை.

எனக்குப் பொறுக்காத இடம் இதுதான். "மில்லிமீட்டர் பிசகாமல்" என்பதே தப்பு. கயாக்குக்கு அப்படி ஒரு பொது அளவே கிடையாது. மேற்குக் கிரீன்லாந்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தின் மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்த்தால் படகின் அகலம். மூடிய முட்டியின் மேல் கட்டைவிரலை நிமிர்த்தினால் வரும் உயரம் உட்காரும் இடத்தின் ஆழம். அத்தனையும் அந்த ஒரு ஆளின் உடம்பு. சட்டை தைக்க அளவெடுப்பதுபோல எடுத்த அளவு. அதை அப்படியே வரைபடமாக்கி, அவரைவிட ஒரு சாண் உயரமான ஒருவர் கட்டினால், இன்னொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறார் என்று அர்த்தம். நல்ல வேலைக்காரர்கள்தான் இந்தத் தப்பைச் செய்கிறார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது தப்பு, "ஆர்க்டிக் கயாக்" என்று ஒரே ஒரு படகு இருப்பதாக நினைப்பது. (எஸ்கிமோ கயாக் என்று இன்னமும் எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், கனடாவிலும் கிரீன்லாந்திலும் வாழும் ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்கள் பலருக்கு அந்தச் சொல் பிடிக்காது.) அலாஸ்கா பக்கம் பெரிங் நீரிணையில் கிங் தீவுப் படகைப் பாருங்கள். குட்டை, அகலம், ஆழம். அங்கே அலை கரடுமுரடு, பனிக்கட்டி மேல் படகை இழுத்து ஏற்ற வேண்டும், எதிரே வருவது வால்ரஸாகவோ பெரிய தாடிச் சீலாகவோ இருக்கும், பிடித்தால் இறைச்சியையும் ஏற்றிவர வேண்டும். ஒல்லிப் படகு அங்கே உதவாது. ஹட்சன் விரிகுடாவின் மேற்கே உள்நாட்டில் இருந்த கரிபு இனுயிட் மக்களின் படகு அதற்கு நேர் எதிர். கரிபு மான் கூட்டம் ஆற்றையோ ஏரியையோ நீந்திக் கடக்கும்போது வேகமாக நெருங்கி ஈட்டியால் குத்துவதுதான் வேலை. மிதவை வேண்டாம், கயிறு வேண்டாம், பெரிய அலை கிடையாது. அதனால் மிக ஒல்லியாக, உருண்டை அடியோடு, ஒரே ஆள் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்கிற எடையில் கட்டினார்கள். மேலே போர்த்தியதும் பெரும்பாலும் கரிபுத் தோல்தான்.

அலூஷியன் தீவுகளில் உனங்கன் மக்கள் கட்டியது இன்னொரு ரகம். ரஷ்யர்கள் அதற்கு பைதார்கா என்று பெயர் வைத்தார்கள். முன்முனை திறந்த வாய்போல மேலும் கீழுமாகப் பிளந்திருக்கும். கீழ்ப்பாதி தண்ணீரை அறுக்கவும் மேல்பாதி அலையில் முகம் புதையாமல் தூக்கிவிடவும் என்பது படகு கட்டுகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். அடிக்கட்டையை மூன்று துண்டாக இணைத்து, அலைக்கு ஏற்ப வளையும்படி செய்தார்கள். போர்த்தியது கடல் சிங்கத் தோல். திறந்த பசிபிக்கில் கடல் நீர்நாயைத் துரத்திப் போகிறவனுக்கு அப்படித்தான் தேவைப்பட்டது. மூன்று பேர் உட்காரும் பைதார்கா ரஷ்யத் தோல் வியாபாரிகளின் காலத்தில் வந்தது. நடுவில் உட்கார்ந்து போகிறவர் பெரும்பாலும் ரஷ்யர்.

மரம் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கரையோரத்தில் பெரும்பாலும் மரமே கிடையாது. ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து, பனியோடு மிதந்து கரையொதுங்கும் கட்டைகள்தான். கிரீன்லாந்துக்கு வந்தவற்றில் நிறைய சைபீரியாவிலிருந்து வந்தவை. துண்டு துண்டாகக் கிடைத்ததை ஆணி அடிக்காமல் தோல்வாரால் கட்டினார்கள். தோலைத் தைத்தது பெண்கள், விலங்கின் தசைநாரை நூலாக்கி, ஊசி மறுபக்கம் வெளியே வராதபடி. அந்தத் தையல் கெட்டால் அத்தனையும் வீண்.

சரி, அந்தத் தம்பியின் படகுக்கு வருவோம். கிரீன்லாந்துப் படகு ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது? சீல் மூச்சுவிட மேலே வரும். சத்தமில்லாமல், காற்று படகைத் தள்ளாமல், எறியீட்டி எட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். மடிக்கு முன்னால் ஒரு தட்டில் கயிற்றுச் சுருள், முதுகுக்குப் பின்னால் காற்று ஊதிய சீல் தோல் மிதவை, அதற்கு அவதாக் என்று பெயர். ஈட்டி பாய்ந்ததும் முனை கழன்று சீலின் தோலுக்குள் குறுக்கே திரும்பிக்கொள்ளும். உடனே மிதவையைத் தண்ணீரில் தள்ளிவிட வேண்டும். அந்த ஒரு நொடியில் கயிறு கையிலோ துடுப்பிலோ சிக்கினால் சீல் ஆளைப் படகோடு கவிழ்த்துவிடும்.

அதனால்தான் கவிழ்ந்து நிமிரும் வித்தை அங்கே அவ்வளவு வளர்ந்தது. துடுப்போடு நிமிர்வது, துடுப்பு போய்விட்டால் ஈட்டி எறியும் பலகையால் நிமிர்வது, அதுவும் இல்லாவிட்டால் வெறும் கையால். ஒவ்வொரு முறைக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது. மேலே துயிலிக் என்ற தோல் அங்கி, முகத்தையும் மணிக்கட்டையும் சுற்றி இறுக்கி, கீழ்விளிம்பைப் படகின் வாயோடு கட்டியிருப்பார்கள். தொடை மாசிக்கில் அழுத்தி நிற்கும். படகு, அங்கி, உடம்பு, பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒரே கருவி. நீங்கள் அதில் படகை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

"அவர்கள் லைஃப் ஜாக்கெட்டா போட்டார்கள்?" என்று வகுப்புக்கு வகுப்பு ஒருவர் கேட்கிறார். போடவில்லை, நிறையப் பேர் செத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டுக் கிரீன்லாந்தின் திருச்சபைப் பதிவேடுகளில் கயாக்கில் போய்த் திரும்பாத ஆண்கள் அத்தனை பேர். வேட்டைக்காரர்களுக்கே கண்ணாடி மாதிரி அசையாத கடலில் தனியாக இருக்கும்போது திசை தடுமாறி, படகு சாய்வதுபோலத் தோன்றி உடம்பு மரத்துப்போகும் ஒரு பயம் வரும். அதற்குக் கிரீன்லாந்து மொழியில் தனிப் பெயரே இருக்கிறது. அப்புறம் கினோ வாட்கின்ஸ். கிரீன்லாந்துக்காரர்களிடமே கயாக்கும் உருண்டு நிமிர்வதும் கற்ற ஆங்கிலேயர். 1932 ஆகஸ்ட் 20 அன்று கிழக்குக் கிரீன்லாந்தில் தனியாகச் சீல் வேட்டைக்குப் போனார், படகு மட்டும் காலியாக மிதந்தது. அவருக்கு வயது 25. என் மாணவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்லாத வருடம் இல்லை.

இன்னொன்று. வடமேற்குக் கிரீன்லாந்தில் இனுகுயிட் மக்களிடம் ஒரு காலத்தில் கயாக் கட்டும் கலையே இல்லாமல் போயிருந்தது. 1860களில் பாஃபின் தீவிலிருந்து கித்லார்சுவாக் தலைமையில் பனியைக் கடந்து வந்தவர்கள்தான் மறுபடி கற்றுக்கொடுத்தார்கள். கடலோரத்திலேயே வாழ்ந்தவர்களுக்கே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டியிருந்தது. நமக்கு ஒரு பிடிஎஃப் போதும் என்று நினைக்கிறோம்.

ஆகவே கேளுங்கள். கட்டுவதற்கு முன் உங்கள் உடம்பை அளங்கள். எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். முதல் படகை 55 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் கட்டுங்கள், ஒல்லிப் படகுக்கு அப்புறம் போகலாம். உடையைக் காற்றின் வெப்பத்தைப் பார்த்துப் போடாதீர்கள், தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். மே மாதம் வெளியே 22 டிகிரி இருந்தாலும் ஏரி 10-க்குக் கீழே இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்: குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால், திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்தான், நினைவு தப்ப ஒரு மணி நேரம். ட்ரை சூட் (தண்ணீர் உள்ளே புகாத உடை) விலை அதிகம்தான், தெரியும். வாடகைக்குக் கிடைக்கும், என்னிடமும் பழசு இரண்டு இருக்கிறது, கேளுங்கள், தருகிறேன். லைஃப் ஜாக்கெட் படகில் கிடக்கக்கூடாது, மேலே இருக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள். இது ஒன்றையாவது எனக்காகச் செய்யுங்கள்.

தம்பியின் படகு இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது. ஃபோமைப் பிய்த்துப் போட்டாயிற்று. சனிக்கிழமை அவரை உட்காரவைத்துத் தொடையை அளந்து புது மாசிக் வளைக்கப்போகிறோம். அதுவும் சரிவராவிட்டால் அந்தச் சட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அவர் அளவில் இன்னொன்று தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.