ஏர் ஆம்புலன்ஸ்: புறப்படும் முன் கேட்க வேண்டிய கேள்வி

தென்மாவட்டத்து நகரம் ஒன்றிலிருந்து ஏர் ஆம்புலன்ஸில் சென்னைக்கு அழைத்து வரப்பட்ட பக்கவாத நோயாளி ஒருவரை அண்மையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் இறக்கினார்கள். காலைக் காப்பி குடிக்கும்போது வலது கை விழுந்தவர், எங்களிடம் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. அவருடைய வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில், சி.டி. ஸ்கேனும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, "பெரிய ஆஸ்பத்திரிக்கே நேரா போயிடலாம்னுதான் ஃப்ளைட் ஏற்பாடு பண்ணினோம் சார்" என்றார் மகன். பணத்தைப் புரட்டவும் விமானம் வரும்வரை காத்திருக்கவும் பகல் முழுவதும் கழிந்துவிட்டது. இப்படி வந்த முதல் நோயாளி இவராக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், சாலையில் எட்டு மணி நேரம். ஆகவே ஏழு மணி நேரம் மிச்சம் என்று எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். நான் சலிப்போடு மறுபடியும் மறுபடியும் திருத்த வேண்டியிருப்பது இந்தக் கணக்கைத்தான். ஏர் ஆம்புலன்ஸ் மதுரை விமான நிலையத்தில் உங்களுக்காக இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்பதில்லை. நீங்கள் அழைத்த பிறகு கட்டணம் பேசி, முன்பணம் வங்கியில் ஏறி, விமானியும் மருத்துவரும் வந்து சேர்ந்து, பறப்பதற்கான அனுமதி கிடைத்த பின்னரே அது பெங்களூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ காலியாகக் கிளம்பும். வந்து இறங்கிய மருத்துவக் குழு மருத்துவமனைக்கு வந்து, நோயாளியைப் பரிசோதித்து, மருந்து செலுத்தும் பம்புகளையும் வென்டிலேட்டரையும் தங்கள் கருவிகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதை அவசரமாகச் செய்யக் கூடாது, செய்யவும் மாட்டார்கள். பிறகு விமான நிலையம் வரை சாலைப் பயணம், பாதுகாப்புச் சோதனை, குறுகிய கதவு வழியாக ஸ்ட்ரெச்சரை ஏற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் போகும். சென்னையில் இறங்கிய பின் ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசல் வேறு காத்திருக்கிறது. படுக்கையிலிருந்து படுக்கைக்கு என்று கணக்கிட்டால் ஆறு மணி நேரத்தில் முடிந்தாலே அது நல்ல நாள். இரவில் இயங்காத விமான நிலையம் என்றாலோ வானிலை மோசமென்றாலோ மறுநாள்தான்.

நேரமே உயிராக இருக்கும் நோய்களில் இந்தத் தாமதத்துக்கு இடமே இல்லை. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மாரடைப்பு உறுதியானால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட இதய இரத்தக்குழாயைக் குழாய் செலுத்தித் திறப்பது) செய்ய முடிகிற இடத்துக்குப் போக வேண்டும்; முடியாதென்றால் அருகிலுள்ள மருத்துவமனையிலேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு, அதன் பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாம். சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி உள்ளவற்றையும் இணைத்து இந்த முறையைத் தமிழ்நாட்டில் நடத்திப் பார்த்து, ஓராண்டுக்குள் ஏற்படும் மரணங்கள் குறைந்ததை ஆய்வாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு விமானம் தேவைப்படவில்லை; ஈ.சி.ஜி.யை உடனே அனுப்பவும் பார்க்கவும் ஆள் இருந்ததும், 108 வண்டிக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்ததும் போதுமானதாக இருந்தன. 2008 முதல் இங்கே ஓடிக்கொண்டிருக்கும் அந்த 108-ஐ, கையில் காசு உள்ள குடும்பங்கள் ஏனோ கௌரவக் குறைவாக நினைக்கின்றன. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை வரம்புக்குட்பட்டு அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படியிருந்தும் இரத்தம் ஒழுகும் மனிதரை வைத்துக்கொண்டு விமானத்துக்கு விலை பேசுகிறவர்களைப் பார்க்கிறேன்.

ஏர் ஆம்புலன்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அது பறக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளூரில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து நிலைப்படுத்திய பிறகு, உள்ளூரில் கிடைக்காத சிகிச்சைக்காகத் தொலைதூரம் போக வேண்டியவர்களுக்கானது. கல்லீரல் மாற்று தேவைப்படுகிறவர், இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் இருப்பவர், கடுமையான தீக்காயம் பட்டவர், அந்தமானிலிருந்து வர வேண்டியவர் ஆகியோருக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. அதனால்தான் உறவினர்களிடம் நான் முதலில் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: இங்கே செய்ய முடியாத எதை அங்கே செய்யப்போகிறார்கள்? பதிலில் ஒரு சிகிச்சையின் பெயர் இருந்தால் பேசலாம். மருத்துவமனையின் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

பறப்பதிலும் ஆபத்து உண்டு. விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயர மலையின் மேல் இருப்பதற்குச் சமமாக இருக்கும். அங்கே உடலுக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும். நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்திருப்பவரை, அதை வெளியேற்றும் குழாய் போடாமல் ஏற்றினால், தரையில் சமாளித்துக்கொண்டிருந்தவர் நடுவானில் மூச்சுத் திணறுவார். மண்டை ஓட்டுக்குள் காற்று புகுந்தவர்களுக்கும், கண்ணில் வாயு நிரப்பி அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதே சிக்கல்தான். அத்தகையவர்களுக்காகத் தாழ்வாகப் பறந்து உள்ளே தரைமட்ட அழுத்தத்தைக் காக்கச் சொல்லலாம். எரிபொருளும் நேரமும் கூடும். அது மருத்துவரும் விமானியும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்பதால், "சீக்கிரம் கிளப்புங்கள்" என்று வாசலில் நின்று கத்துவதால் பயன் ஏதும் இல்லை.

"ஆக்சிஜன் இருக்குல்ல?" என்பது உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பி-டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு அது 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஓடுபாதைக்கு அருகே வெயிலில் விமானத்துக்காகக் காத்திருக்கும் ஆம்புலன்ஸிலேயே பாதி தீர்ந்துபோனதைக் கண்டிருக்கிறேன். படுக்கை முதல் படுக்கை வரையிலான மொத்த நேரத்துக்கும் கணக்கிட்டு, அதைப் போல இருமடங்கு எடுத்துச் செல்பவர்களை நம்பலாம்.

இனி எதிர்காலம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான இ-பிளேன் நிறுவனம், செங்குத்தாக எழும்பி இறங்கும் 788 மின்சார வான்கலங்களை ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க 2025-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024 அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் ஹெலிகாப்டர் சேவையும் தொடங்கியது. மலைப் பாதைகளில் மணிக்கணக்காகத் தூக்கி வரப்படும் நோயாளிக்கு அது உண்மையிலேயே வரம். மறு ஆண்டு மே மாதம் அதே ஹெலிகாப்டர் கேதார்நாத்தில் இறங்கும்போது வால் உடைந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். 2011 மே மாதம் பாட்னாவிலிருந்து நோயாளியோடு டெல்லிக்கு வந்த சிறிய விமானம் ஃபரீதாபாத்தில் வீடுகளின் மேல் விழுந்தபோது, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 10 பேர் இறந்தார்கள். இவற்றைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இறங்குதளமும், வானிலை சரியில்லை என்றால் மறுக்கும் அதிகாரம் விமானிக்கும், உள்ளே பயிற்சி பெற்ற பணியாளரும் இல்லாமல் கலத்தை மட்டும் வாங்கி நிறுத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. வால்பாறைக்கும் ஜவ்வாது மலைக்கும் ஹெலிகாப்டர் வருமானால் முதலில் கைதட்டுபவன் நான்தான்.

அதுவரை, உண்மையிலேயே விமானம் வேண்டியிருந்தால் சிலவற்றைச் செய்யுங்கள். இணையத்தில் முதலில் தெரியும் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அவர்களில் பலர் இடைத்தரகர்கள். விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் பெயரையும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி உண்டா என்பதையும், கூட வரும் மருத்துவரின் பெயரையும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள். சேரப்போகும் மருத்துவமனையில் படுக்கை உறுதி என்று வரவேற்பறை சொன்னால் போதாது; ஏற்றுக்கொள்ளும் மருத்துவர் அனுப்பும் மருத்துவரோடு நேரடியாகப் பேசியிருக்க வேண்டும். சி.டி. படங்களைக் குறுந்தகட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். செலவு பல லட்சம் ரூபாய் ஆகும் என்பதால், காப்பீட்டு ஆவணத்தில் விமானப் பயணத்துக்கு இடமுண்டா, எந்த வரம்பு வரை என்பதை நோய் வரும் முன்பே படித்துவிடுங்கள்.

இன்னொன்றைக் கனிவோடு கேட்டுக்கொள்கிறேன். இனி மீட்க முடியாது என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்ட ஒருவரை, "எதுவும் செய்யாமல் விட்டார்கள் என்று ஊர் பேசக் கூடாது" என்பதற்காக நிலத்தை அடகு வைத்துப் பறக்க வைக்காதீர்கள். அவருடைய கடைசி மணிநேரங்களை ஓடுபாதையில் கழிப்பதைவிட வீட்டார் சூழ இருப்பது அவருக்கும் உங்களுக்கும் நல்லது.

விமானத்தில் உறவினருக்குப் பெரும்பாலும் ஓரிரு இருக்கைகளே கிடைக்கும். அதில் அதிகம் அழுபவரை ஏற்றாமல், அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்திடும் உரிமையுள்ளவரையும், நோயாளிக்கு என்னென்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லத் தெரிந்தவரையும் ஏற்றுங்கள்.