கஞ்சா: போதை இறங்கும், பொருள் இறங்காது

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எதிர்வண்டியின் வேகம், இடைவெளி, கியர், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கஞ்சா முதலில் குலைப்பது இந்தக் கணக்கைத்தான்.

கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்ற வேதிப்பொருள் மூளையின் சிபி1 ஏற்பிகளில், அதாவது நரம்பணுக்கள் வேதிச்செய்தியை வாங்கிக்கொள்ளும் இடங்களில், ஒட்டிக்கொள்கிறது. உடலே சுரக்கும் அனந்தமைடு என்ற வேதிப்பொருள் அமரவேண்டிய இடம் அது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸிலும் அசைவைச் சீராக்கும் சிறுமூளையிலும் இந்த ஏற்பிகள் அதிகம். அதனால்தான் சற்றுமுன் பேசியது மறக்கிறது, கைகால் தாமதிக்கிறது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடலாம். மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் ஏற்பிகள் குறைவு. ஹெராயின்போல் இது மூச்சை நிறுத்தாததற்குக் காரணம் அதுவே. இதைச் சொல்லி 'ஆபத்தில்லை' என்பவர்கள் இதயநோயாளிகளை மறந்துவிடுகிறார்கள்.

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறி, பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் தணியும். கஞ்சா சாக்லேட் அப்படியல்ல. கல்லீரலில் அதிலுள்ள டிஎச்சி, 11-ஹைட்ராக்ஸி-டிஎச்சி என்ற வேறு வடிவமாக மாறி மூளைக்குள் இன்னும் எளிதாக நுழைகிறது. போதை தெரியவே அரைமணி முதல் 2 மணி நேரம் ஆகும். 'ஒண்ணும் ஏறலையே' என்று இன்னொரு துண்டு தின்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்: படபடப்பு, பயம், வாந்தி எனப் பல மணி நேரம். ஏற்காட்டில் தின்றது, மலை இறங்கும்போது ஏறும்.

டிஎச்சி கொழுப்பில் கரைவது. உடல் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லக் கசிவதால், தினமும் புகைத்தவர் நிறுத்தி வாரங்கள் கழிந்தும் சிறுநீர்ச் சோதனையில் அதன் மிச்சம் தெரியும். தினசரிப் பழக்கத்தில் சிபி1 ஏற்பிகள் குறைகின்றன. பழைய அளவு போதாமல் போகிறது. நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை. முதல் வாரம்தான் கடினம். ஏற்பிகள் சுமார் நான்கு வாரத்தில் பெரும்பாலும் மீள்கின்றன.

மூளை 25 வயதுவரை வளர்கிறது. பயன்படுத்துபவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகிறார்கள் என்றால், பதின்வயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர். குடும்பத்தில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) இருந்தால், நிஜம் எது பிரமை எது என்று தெரியாமல் போகும் மனப்பிறழ்வு அபாயமும் கூடும். புகைப்பவருக்கு நாள்பட்ட இருமல், சளி தனி.

பலர் அறியாதது ஒன்று: பல ஆண்டுகள் புகைத்தவர்களில் சிலருக்கு விட்டுவிட்டு வரும் கடும் வாந்தி, வயிற்றுவலி. வெந்நீரில் குளித்தால் மட்டும் தணியும். சாதாரண வாந்தி மருந்துக்கு இது சரியாகக் கேட்காது. கஞ்சாவை நிறுத்துவதே தீர்வு. மருத்துவரிடம் பழக்கத்தை மறைத்தால், எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் என வீண் அலைச்சல்தான். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416; இரண்டும் கட்டணமில்லா எண்கள்.