சதுப்புச் சேற்றில் பாதரசம்: எங்கே தோண்டுவது, எங்கே மணல் தூவுவது?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பிரன்ஸ்விக் நகரை ஒட்டி, எல்.சி.பி. கெமிக்கல்ஸ் என்ற பழைய ஆலை வளாகம் இருக்கிறது. மொத்தம் சுமார் 813 ஏக்கர். பெரும்பகுதி கடல் ஓதம் ஏறி இறங்கும் சதுப்பு. 1950களின் நடுவிலிருந்து 1994 வரை அங்கே உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுத்தார்கள். தொட்டியின் அடியில் ஓடும் பாதரசம்தான் எதிர்மின்வாய். அது சோடியத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த கலத்துக்குப் போய், அங்கே தண்ணீரிடம் விட்டுவிட்டுத் திரும்பி வரும். ஏட்டுக் கணக்கில் சொட்டுக்கூடக் குறையாது. நடப்பில் கசியும், ஆவியாகும், கழிவுச் சேற்றோடு சதுப்புக்குப் போகும். கிராஃபைட் நேர்மின்வாய்க்குள் ஊறச்செய்திருந்த ஆரோக்லர் 1268 என்ற பி.சி.பி. (எளிதில் சிதையாத நச்சுக் குளோரின் சேர்மங்கள்) கலவையும் கூடவே போனது. வேறெங்கும் அதிகம் புழங்காத கலவை என்பதால், அந்தக் கழிமுகத்து டால்பின்களின் கொழுப்பில் அது தென்பட்டபோது எங்கிருந்து வந்தது என்று அடையாளம் காண முடிந்தது.

சேற்றில் கிடக்கும் பாதரசம் பெரும்பாலும் கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் மீனின் உடம்பில் அதிகம் சேராது. வினை தொடங்குவது பாக்டீரியாவால். சதுப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தோண்டினாலே கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் கடல்நீரின் சல்ஃபேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இதற்கான மரபணுக்கள் 2013இல்தான் தெரியவந்தன. மெத்தில் பாதரசம் உடம்பை விட்டு எளிதில் வெளியேறாது. புழு, நண்டு, மீன் என்று படிக்குப் படி செறிவு கூடிக்கொண்டே போகும்.

அப்படியானால் மொத்தத்தையும் அள்ளிவிட வேண்டியதுதானே? ஆலையை ஒட்டி மோசமாகக் கெட்டிருந்த 13 ஏக்கரை 1990களின் இறுதியில் அப்படித்தான் அள்ளினார்கள். எஞ்சிய சதுப்புக்கு 2015இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வேறு கணக்குப் போட்டது: 7 ஏக்கரில் தோண்டல், 6 ஏக்கரில் கனமான மூடல், 11 ஏக்கரில் மெல்லிய மணல் படிவு.

தோண்டுவதில் உள்ள சிக்கல், பொக்லைன் உள்ளே போவதிலேயே ஆரம்பிக்கிறது. மரப்பலகைப் பாதை போட வேண்டும், அல்லது மிதவைச் சங்கிலி பூட்டிய வண்டி வேண்டும். இரண்டுமே கோரையை நசுக்கும். வாளி தண்ணீருக்குள் எழும்போது நுண்சேறு கலங்கும். ஓதம் அதை மேலே இழுத்துப்போய் இதுவரை சுத்தமாக இருந்த ஓடைகளில் படியவைக்கும். ஓட்டம் வேகமாக இருந்தால் வண்டல் தடுப்புத் திரை பாய்மரம் போல் புடைத்து அடியில் தூக்கிக்கொள்ளும். அள்ளிய சேற்றைக் கரையில் குவித்து வைத்தாலும் நிம்மதி இல்லை. அதிலுள்ள இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாகும், பிடித்துவைத்த உலோகங்களை விட்டுவிடும். அதனால் நீரை வடித்து, சிமென்ட் போன்றதைக் கலந்து இறுக்கி, வடிநீரைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும்.

தோண்டிய குழியை நிரப்புவதில் மட்டம் முக்கியம். ஜார்ஜியாச் சதுப்பின் கோரையான ஸ்பார்டைனா, ஓத மட்டத்தின் ஒரு குறுகிய பட்டைக்குள்தான் வளரும். ஓரடி தாழ்ந்தால் அது சேற்றுத் திட்டு. ஓரடி உயர்ந்தால் வேறு செடி வரும்.

ஓடைப் படுகைகளில் மணலுக்கு மேல் கல் அடுக்கி மூடுவது ஏற்றது. வெறும் மணலை ஓட்டம் அரித்துவிடும்.

மணல் தூவுவதுதான் நுட்பமான வேலை. சுமார் 15 சென்டிமீட்டர் போதும். அது மூடி அல்ல; கோரை அதைத் துளைத்து மேலே வந்துவிடும். புழுக்களும் சிற்றுயிர்களும் பெரும்பாலும் மேல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில்தான் இரைதேடும், அந்த அடுக்கைச் சுத்தமாக்கினால் உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி அறும். மணலில் கரிமப்பொருள் குறைவு, பாக்டீரியாவுக்குத் தீனியும் குறைவு. வளை நண்டுகள் ஆழமாகத் தோண்டிக் கீழ்ச்சேற்றை மேலே கொண்டுவரத்தான் செய்யும். ஆனாலும் கலவையின் செறிவு பழையதைவிடக் குறைவே. மணலை நீரோடு கலந்து குழாயில் அடிப்பார்கள். குழாயை ஒரே இடத்தில் பிடித்தால் மேடு தட்டும், இளஞ்சேறு பக்கவாட்டில் பிதுங்கும். அதனால் அளவுக்கோடு போட்ட முளைக்குச்சிகளை முன்பே நட்டு, மெல்லிய சுற்றுகளாக ஏற்றுவது நல்லது.

இதெல்லாம் மேற்பரப்பு. ஆலைக்கு அடியில் இன்னொரு தொல்லை: சிந்திய காஸ்டிக், நிலத்தடியில் பி.எச். 10.5க்கும் மேலான குளமாகத் தேங்கிக் கிடந்தது. அவ்வளவு காரத்தில் மண்ணின் சிலிக்காவும் கரிமமும் கரையும், பாதரசமும் அவற்றோடு நகரும். அதற்குக் கிணறுகள் வழியாகக் கார்பன் டை ஆக்சைடைக் குமிழியிட்டுச் செலுத்தினார்கள். சோடாத் தண்ணீரின் அதே வேதியியல்: வாயு அமிலமாகிக் காரத்தைத் தணிக்கிறது, பாதரசம் கரைசலை விட்டு இறங்குகிறது.

பலித்ததா என்று பார்க்கக் குழாயைச் சேற்றில் இறக்கி உருளையாக வெட்டியெடுக்கலாம்: மேலே வெளிர் மணல், கீழே கறுப்பு, நடுவே நண்டு கிளறிய சாம்பல் பட்டை. மீனில் பார்ப்பதானால் முதலில் சதுப்போடையை விட்டு அதிகம் நகராத குட்டி மீன்களைப் பிடிக்க வேண்டும். பெரிய மீன்கள் ஊர் சுற்றுபவை, வயதும் அதிகம். அவற்றின் தசையில் எண் இறங்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.