ஃப்ளோட்டிங் ஹார்பர்: மிதப்பது எது?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர நடுவில் உள்ள பழைய துறைமுகத்துக்கு 'ஃப்ளோட்டிங் ஹார்பர்' என்று பெயர். தமிழாக்கச் சொன்னால் கை தானாகவே 'மிதக்கும் துறைமுகம்' என்று எழுதிவிடும். படிப்பவர் மனத்தில் தெப்பம் போல் ஒரு துறைமுகம் ஆடி அசையும். அங்கே இருப்பதோ கரை கட்டிய பழைய ஆற்றுப்படுகை. அது இம்மியும் நகர்வதில்லை. மிதப்பவை கப்பல்கள்.

கப்பல் மிதப்பதைப் பெயரில் வைத்துக் கொண்டாட வேண்டுமா? பிரிஸ்டலில் வேண்டியிருந்தது. கடலிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே, ஏவன் ஆற்றின் கரையில் இருக்கும் ஊர் அது. அந்த ஆற்றில் கடல் ஓதம் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். மூன்று மாடி உயரம். நீர் வற்றும்போதெல்லாம், நாளுக்கு இரண்டு முறை, கரையில் கட்டிய கப்பல்கள் சேற்றில் தரைதட்டிச் சாய்ந்தன. உறுதியில்லாத மரக்கலம் என்றால் அடிப்பகுதி விரிந்துவிடும். இறுக்கிக் கட்டாத சரக்கு உருண்டு ஒரு பக்கம் சேரும். எல்லாம் கச்சிதமாக இருப்பதை 'பிரிஸ்டல் பாணி' என்று ஆங்கிலேயர் சொல்வது இதனால்தான் என்பார்கள்.

இதற்கு முடிவு கட்டியவர் பொறியாளர் வில்லியம் ஜெஸப். 1804இல் வேலை தொடங்கியது. தெற்கே புதிய கால்வாய் வெட்டி, ஓதம் ஏறி இறங்கும் ஆற்றை அதில் திருப்பிவிட்டார். பழைய படுகையை அணையும், கப்பல் போய்வரும் வாயிலான மதகும் கொண்டு அடைத்தார். 1809 மே மாதம் திறந்த நாள் முதல் உள்ளே நீர்மட்டம் மாறவில்லை, கப்பல் எப்போதும் மிதந்தது. பெயர் வந்த கதை இவ்வளவுதான். (ஊர்ச் சாக்கடையும் அதிலேயே தேங்கி நாறியது தனிக்கதை.)

'ஹார்பர்' என்ற சொல்லுக்குத் தொடக்கத்தில் கடலோடு உறவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'படை தங்கும் இடம்'. பிறகு எவரும் ஒதுங்கும் இடமாகி, கடைசியில் கப்பல் ஒதுங்கும் இடமானது. நம் 'துறை' தண்ணீரிலேயே பிறந்த சொல்: நீரில் இறங்கும் இடம். படித்துறை, பரிசல்துறை எல்லாம் அந்த வழி வந்தவை.

'மிதக்கும் துறைமுகம்' இலக்கணப் பிழை அன்று. 'படிக்கும் அறை' என்றால் அறையா படிக்கிறது? ஆனால் அறையால் படிக்க முடியாது என்பதால் அங்கே குழப்பமில்லை. துறைமுகத்தால் மிதக்க முடியும். 1944இல் நார்மண்டிக் கடற்கரைக்கு நேச நாடுகள் துறைமுகத்தையே துண்டு துண்டாக இழுத்துச் சென்று பூட்டின. 'மிதவைத் துறைமுகம்' என்ற சொல்லை அவ்வகைக்கு விட்டுவிடலாம். பிரிஸ்டலுக்கு 'நிலைநீர்த் துறை' பொருந்தும். என் விருப்பம் 'வற்றாத்துறை'. அந்தக் கப்பல்களுக்கு இருந்த ஒரே பகை நீர் வற்றுவதுதானே!

வற்றாத்துறைக்கு லண்டனிலிருந்து ரயிலும் வந்தது. பிரிஸ்டல் வணிகர்கள் தொடங்கிய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1841இல் முழுதாகத் திறந்தது. அதன் பொறியாளர் இசம்பார்ட் புருனல், தண்டவாளம் முடியும் இடத்திலிருந்து நியூயார்க் வரை நீராவிக் கப்பலும் விடக் கனவு கண்டார். 1843 ஜூலை 19 அன்று இளவரசர் ஆல்பர்ட் அதே ரயிலில் வந்து 'கிரேட் பிரிட்டன்' கப்பலை வெள்ளோட்டம் விட்டார். கப்பலோ மதகை விட அகலம். 1844 டிசம்பரில் மதகுச் சுவரின் மேற்கற்களைப் பெயர்த்த பிறகே வெளியேற முடிந்தது. அடுத்த ஆண்டு அது நியூயார்க்குக்குப் புறப்பட்டது லிவர்பூலிலிருந்து. பிரிஸ்டலின் குறுகிய ஆறும் கூடுதல் துறைமுகக் கட்டணமும் பெரிய கப்பல்களை விரட்டின. 1877இல் ஆற்றின் முகத்துவாரத்தில், ஏவன்மவுத்தில், புதிய துறை திறந்தது.

சிதைந்த 'கிரேட் பிரிட்டன்' 1970இல், அதே ஜூலை 19 அன்று, தான் கட்டப்பட்ட உலர்துறைக்கே, அதாவது நீரை வடித்துவிட்டுக் கப்பல் கட்டும் பள்ளத்துக்கே, திரும்பியது. இன்று அதைச் சுற்றி நீர்மட்ட உயரத்தில் கண்ணாடித் தளம் பரப்பி, மேலே மெல்லிய நீர் ஓட விட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கப்பல் மிதக்கிறது. படியிறங்கி கண்ணாடிக்கு அடியில் போனால், காய்ந்த தரையில் நிற்கிறது.