வைரஸ் இல்லாத ‘பாசிட்டிவ்’

தாராவி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் சேர்ந்தால், ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வருமாமே? நாளைக்கு துபாய் மெடிக்கலில் மாட்டிக்கொள்ள மாட்டேனா?”

வர வாய்ப்பு உண்டு. தொற்று ஆபத்து அதிகமுள்ளவர்கள் ஆய்வுக்கு முன்வரத் தயங்க இது நியாயமான காரணம்தான். ‘அறியாமை’ என்று ஒதுக்குவது தப்பு.

அவர்கள் வராமல் ஆய்வு நகராது. தாய்லாந்தில் 2003-இல் தொடங்கிய தடுப்பூசி ஆய்வில் பெரும்பாலும் பொதுமக்களே சேர்ந்தார்கள். அதனால் 16,000-க்கும் மேற்பட்டோர் தேவைப்பட்டனர். கடைசியில் விடை சொன்னவை 125 தொற்றுகள்: மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 74, தடுப்பூசி போட்டவர்களில் 51. யாருக்கும் கிருமியைச் செலுத்துவதில்லை. ஆணுறையும் ஆலோசனையும் கொடுத்த பிறகும் வரும் தொற்றுகளைத்தான் எண்ணுகிறார்கள். ஆபத்து குறைந்தவர்களாகவே சேர்த்தால் இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஊசி காத்ததா என்றே தெரியாது.

இனி அந்த பாசிட்டிவுக்கு வருவோம். தடுப்பூசியில் முழு வைரஸ் கிடையாது. மேலுறைப் புரதங்களான ஜிபி120, ஜிபி41, உள்ளிருக்கும் பி24 போன்றவற்றின் துண்டுகளோ, அவற்றைச் செய்யவைக்கும் மரபணுத் துண்டுகளோதான் இருக்கும். உடல் அவற்றுக்கு ஆன்டிபாடி, அதாவது எதிர்த்து நிற்கும் புரதம், தயாரிக்கும். அதற்காகத்தானே ஊசி!

இப்போது எச்.ஐ.வி. பரிசோதனை கிட்டைப் பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் பட்டையில் ஊறி நகர்கிறது. வழியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடாக ஜிபி41 பூசியிருப்பார்கள். அதற்குப் பொருந்தும் ஆன்டிபாடி வந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதோடு சேர்ந்து நிறத்துகள்களும் தேங்க, மெல்ல ஒரு கோடு எழும். வைரஸ் இருக்கிறதா என்று கிட் பார்ப்பதே இல்லை. ஆன்டிபாடி தொற்றால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று அதற்குத் தெரிய வழியில்லை.

ஐ.சி.டி.சி. எனப்படும் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்களில் மூன்று வெவ்வேறு கிட்களில் பார்த்துதான் பாசிட்டிவை உறுதிசெய்வார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றும் ஆன்டிபாடியையே தேடினால் மூன்றும் சேர்ந்தே ஏமாறலாம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசி போட்ட, தொற்றில்லாத 2,176 பேரில் 908 பேருக்கு இப்படிக் காட்டியது. ஊசியில் எந்தத் துண்டு இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த விகிதம் வெகுவாக மாறும். சிலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கும். தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும்.

உண்மையைப் பிரித்துக் காட்டுவது ஆர்.என்.ஏ. பரிசோதனை. அது வைரஸின் மரபணுவையே தேடுவதால், ஊசி மட்டும் போட்டவருக்கு நெகட்டிவ்தான் வரும். ஆனால் வளைகுடா விசா மெடிக்கலில் இதை எடுத்துச் சொல்லிப் புரியவைக்கலாம் என்று நம்பியிருக்காதீர்கள். வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் சேரும் முன்பே ஆய்வு மையத்தில் சொல்லிவிடுங்கள். ரத்ததானமும் கூடாது. தொற்றைத் தடுக்க எடுக்கும் தினசரி மாத்திரைக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கும் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டும் மருந்துகள், வைரஸ் துண்டுகள் அல்ல.

ஆய்வு முடிந்த பிறகும், கோடு மறையும்வரை ஆர்.என்.ஏ. பரிசோதனைச் செலவை ஆய்வின் பட்ஜெட்டே ஏற்க வேண்டும் என்பேன். ஊசிக்குக் கோடிகள் ஒதுக்குகிறவர்கள் இதை விட்டுவிட்டு ‘ஆள் வரவில்லை’ என்று அலுத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எத்தனை ஆண்டு இலவசப் பரிசோதனை? மையம் மூடிவிட்டால் யாரிடம் போவது? பங்கேற்புக்கு அடையாள அட்டை உண்டா? மும்பை என்பதால் படிவம் மராத்தியிலோ இந்தியிலோ இருந்தால் தமிழில் கேளுங்கள். புரியும் மொழியில் தருவது சட்டப்படி அவர்கள் கடமை.